சலவைக்கடை பெஞ்சில் ஐந்து நாள்

சலவைக்கடைக்குள் வெறுங்கையோடு நுழைய முடியாது என்பது, கண்ணாடிக் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்த பிறகுதான் ஸ்டோர்கீப்பருக்கு உறைத்தது.

கவுண்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வந்தவரும் உள்ளே நுழைய வழிக்குக் காத்துக்கொண்டு நின்றார். யோசிக்க நேரமில்லை. ஸ்டோர்கீப்பர் போட்டிருந்த ஸ்வெட்டரைத் தலைவழியே உருவிக் கவுண்ட்டரில் வைத்தார்.

"சலவைக்கு."

"என்ன கறை சார்?"

"கறைன்னு தனியா ஒண்ணும் இல்ல. பொதுவான அழுக்கு."

முந்தின நாள்தான் அவர் மனைவி அதைத் துவைத்துக் காயவைத்து மடித்திருந்தாள். கவுண்ட்டர்காரி எதிர்க்கேள்வி கேட்காமல் ரசீது எழுதினாள்.

"வெள்ளிக்கிழமை கிடைக்கும். உக்காரணும்னா உக்காருங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காரலாம்."

துணி போட்டவரை உட்காரச் சொல்கிற கடையை ஸ்டோர்கீப்பர் அதுவரை பார்த்ததில்லை. உபசரிப்புக்கு மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, அதற்குள் ஒரு குட்டி நோட்டைத் திறந்தார். பின்னால் வந்தவருக்கு ஒரு கோடு போட்டார். தன்னை எண்ணிக்கொள்ளவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பம்ப் செய்யும் தொழிற்சாலையின் சரக்கறைப் பொறுப்பில் அவருக்கு இருபத்திரண்டு வருட உத்தியோகம். திருகாணி, வாஷர், குழாய் என்று எது வந்தாலும் எண்ணாமல் உள்ளே விடமாட்டார். சொந்தக் கல்யாணத்திலேயே நாற்காலிகளை எண்ணி, ஏழு குறைகிறது என்று மேடையிலிருந்து குரல் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தாறு வயதில் முதலாளி ஆகும் ஆசை வந்துவிட்டது. ஒரு சலவைக் கம்பெனி கிளை உரிமை கொடுக்கிறதாம். பெயர்ப்பலகையும் இயந்திரமும் அவர்கள் தருவார்கள், பயிற்சியும் உண்டு. கடையை மட்டும் நாம் நடத்த வேண்டும்.

கம்பெனிப் பிரதிநிதி போனில் பேசிய விதம்தான் அவரை அடியோடு கவிழ்த்துவிட்டது.

"சார், நான் சொல்றதை நம்பவே நம்பாதீங்க. உங்க ஊர்ல எங்க முதல் கிளை இருக்கு. ஒரு வாரம் அங்க போய் உக்காருங்க. எத்தனை பேர் வர்றாங்கன்னு உங்க கண்ணால பாருங்க. ஆனா யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி போகணும். அப்பதான் உண்மை தெரியும்."

தன்னையே நம்ப வேண்டாம் என்று சொல்லும் விற்பனைக்காரனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். வாயைத் திறந்து காட்டாமல் எதையும் சரி என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். கிளை உரிமைக்குப் பணம் புரட்ட வேண்டுமென்றால் ஊர்க்கோடியில் இருவர் பெயரிலும் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க வேண்டும். அந்த மனையில் இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனால் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று அவள் முடிவு செய்து ஆறு வருடமாகிறது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு சொல்லுவாங்க. நல்லா விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன். நம்ம வீட்டையே விக்கறோம், ஞாபகம் இருக்கட்டும்."

"வீடு எங்கம்மா இருக்கு? வெறும் மனைதானே?"

"உங்களுக்கு மனை. எனக்கு வீடு."

அதனால்தான் வயிற்றுக் கோளாறு என்று ஐந்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவர் இந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

முதல் நாள் கடை மூடும்போது நோட்டில் இருபத்தேழு கோடுகள். ஸ்வெட்டர் இல்லாமல் குளிரில் நடுங்கிக்கொண்டே, ஆனால் உற்சாகமாக வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பெஞ்சில் உட்கார மறுபடியும் துணி வேண்டுமே! அழுக்குக் கூடையைத் திறந்தால், கூடைதான் இருந்தது. அவர் மனைவி விடிவதற்கு முன்பே துவைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள். வேறு வழியில்லாமல், பீரோவில் மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்பு இரண்டைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று முப்பத்தொரு பேர். அதில் பாதிப் பேர் நேற்றும் வந்தவர்கள்! தொப்பி போட்ட ஒருவர், தடித்த கண்ணாடி அணிந்த ஒரு பெண், காதோடு காதாகச் சண்டை போட்டுக்கொண்டே வரும் ஒரு கணவன் மனைவி. வந்தவரே திரும்ப வருவதுதான் வியாபாரத்துக்கு உயிர் என்று ஸ்டோர்கீப்பர் எங்கோ படித்திருக்கிறார். துணியைப் போட்டுவிட்டு யாரும் உடனே கிளம்பவும் இல்லை. தொப்பிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, செய்தித்தாளில் பென்சிலால் குறுக்கெழுத்து போட ஆரம்பித்துவிட்டார். வீடு மாதிரி நினைத்து உட்காருகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டார் ஸ்டோர்கீப்பர்.

இரவு படுக்கப் போன மனைவி கேட்டாள்.

"ஏங்க, விரிப்பெல்லாம் எங்க போச்சு?"

"வெறும் மெத்தையில படுத்தா முதுகுக்கு நல்லதாம்."

"யார் சொன்னது?"

"பொதுவா சொல்றாங்க."

புதன்கிழமை கூடத்து ஜன்னல் திரைகள் போயின. எதிர்வீட்டுக்காரர் கையசைத்துக் காலை வணக்கம் சொன்னபோதுதான், வீட்டில் இருப்பவர்கள் இனிமேல் குளியலறையில்தான் உடை மாற்ற முடியும் என்பது அவருக்குத் தெரிந்தது. பரவாயில்லை, ஒன்றை இழந்தால்தான் ஒன்றைப் பெற முடியும். அன்று அவர் ஒருபடி மேலே போய்த் தீர விசாரிக்கவும் துணிந்தார். கவுண்ட்டர்காரியிடம் கேட்டால் வேஷம் கலைந்துவிடும். அதனால் தொப்பிக்காரர் பக்கம் நகர்ந்தார். ஆனால் தொப்பிக்காரர் முந்திக்கொண்டார்.

"சார் இங்க அடிக்கடி வருவீங்களோ?"

"தினமும்!" என்றார் ஸ்டோர்கீப்பர், வேஷத்துக்குப் பங்கம் வராமல்.

தொப்பிக்காரர் முகம் மலர்ந்தது. "தினமுமா? வீட்ல அவ்வளவு துணியா சேருது?"

"பெரிய குடும்பம் சார். பதினோரு பேர்."

"எங்க வீட்ல பதினாலு!"

"கடை எப்படி?"

"அருமை சார்! நான் பாக்கும்போதெல்லாம் கூட்டம்தான்!"

இருவரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். இந்த ஊரில் குடும்பங்கள் இவ்வளவு பெரியவை என்பது ஸ்டோர்கீப்பருக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. சலவைத் தொழிலுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்?

மத்தியானம் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பும்போது மறுபடியும் வெறுங்கை. வீட்டில் தங்கியிருந்த மச்சினனின் சாம்பல் நிறக் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டார். அன்றைய கணக்கு முப்பத்தாறு.

சாயங்காலம் வீட்டில் பூகம்பம்.

"மாமா, என் கோட்டு எங்க? நாளைக்குக் காலையில எனக்கு இன்டர்வியூ!"

"சலவைக்குப் போட்டிருக்கேன் மாப்ளே. உனக்கு நல்லதுதானே பண்ணேன்?"

"நேத்துதான் சலவையிலிருந்து வந்துச்சு!"

ஸ்டோர்கீப்பர் கடைக்கு ஓடினார். கோட்டு ஏற்கெனவே இயந்திரத்துக்குள் நனைந்துகொண்டிருந்தது. கவுண்ட்டர்காரி இரக்கப்பட்டு, யாருடையதோ ஒரு கோட்டை ஒரு நாள் இரவலாகக் கொடுத்தாள். மச்சினன் அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் போய்வந்தான்.

"வேலை கெடைச்சுதா மாப்ளே?"

"கோட்டுக்குள்ள ஆள் இருக்கானான்னு தேடிப் பாத்தாங்க மாமா. கெடைக்கல."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. விரிப்பு, திரை, கோட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நோட்டை மனைவி முன்னால் நீட்டினார் ஸ்டோர்கீப்பர். திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நிஜமாவே இத்தனை பேர் வர்றாங்களா?"

"இன்னிக்கு நாப்பத்தொண்ணு. நாளுக்கு நாள் ஏறுதும்மா! உக்கார இடமில்லாம நிக்கறாங்க."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். பதினாலு பேர் இருக்கற குடும்பத்துக்காரர் சொல்றார், அருமையான கடையாம். நீ இருபது வருஷமா என்கூட இருக்க. என் கணக்கு எப்பவாவது தப்பிருக்கா?"

தப்பியதில்லை. அது அவளுக்கும் தெரியும். அவள் பெருமூச்சு விட்டாள். சமையலறை ஜன்னலை மனதுக்குள் மெல்ல மூடுகிறாள் என்பது ஸ்டோர்கீப்பருக்குப் புரிந்தது. "முதல் வருஷ லாபத்துலயே வேற மனை வாங்கிடலாம். ரெண்டு ஜன்னல் வெக்கலாம்" என்றார். நெஞ்சாரத்தான் சொன்னார்.

"சரி. ஆனா பீரோ சாவி இனிமே என்கிட்ட இருக்கும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாலு மணிக்குப் பிரதிநிதியே ஒப்பந்தத்தோடு கடைக்கு வருவதாக ஏற்பாடு. பத்திரங்களின் ஒரு பிரதி முன்கூட்டியே ஸ்டோர்கீப்பர் கையில் இருந்தது. வேலையை விடும் கடிதமும் சட்டைப் பையில் தயார். பெஞ்சில் உட்காரத் துணிதான் இல்லை. பீரோவோ பூட்டியிருந்தது. வீட்டைச் சுற்றி வந்தபோது, மனைவி மருத்துவமனையில் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு, மாற்றுக்கு வைத்திருந்தது, மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. கடைசித் தடவை என்று மனதைத் தேற்றிக்கொண்டு எடுத்துப் போனார்.

மூன்றரை மணிக்குள் நாற்பத்தைந்து. பெஞ்சு நிறைந்து, சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரு திருப்தி. ஸ்டோர்கீப்பர் பேனா மூடியைத் திறந்து, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு தாளிலும் தன் கையெழுத்தை அழுத்தமாகப் போட்டார். இனி மனைவி கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவளே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் கழுத்திலிருந்து இடுப்புவரை ரோஜா நிறத்தில் மருந்து வழிந்திருந்தது.

"ஒரு நோயாளியை வாய் கொப்பளிக்கச் சொன்னா என் மேலேயே கொப்பளிச்சுட்டார். மாத்திக்கலாம்னு வீட்டுக்கு ஓடினா, இன்னொரு கோட்டைக் காணோம்! நாலரைக்கு நான் திரும்பப் போகணும். எங்க அது?"

"உள்ள இருக்கு, வந்துடும். முதல்ல இந்தக் கூட்டத்தைப் பாரு!"

அவள் கோபத்தோடுதான் திரும்பினாள். பெஞ்சைப் பார்த்தாள். நிற்கிறவர்களைப் பார்த்தாள். கோபம் மெல்ல இறங்கியது.

"நெஜமாத்தாங்க சொல்லியிருக்கீங்க" என்றாள்.

"நான் எப்பம்மா பொய் சொன்னேன்?"

"நான்தான் அநாவசியமா பயந்துட்டேன் போல."

தொப்பிக்காரர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்து, "உக்காருங்கம்மா, உங்க வீட்டுப் பதினோரு பேரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணைக் காட்டினார். "சௌக்கியம்" என்றாள் அவள்.

ஸ்டோர்கீப்பர் ஒப்பந்தத்தைக் கவுண்ட்டரில் விரித்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார். அவள் பேனாவை வாங்கினாள். கோட்டின் ஈரக் கை பத்திரத்தில் ஒட்டியது.

"இருங்க, பத்திரத்துல கறை பட்டுடும்" என்று கோட்டைக் கழற்றிக் கவுண்ட்டர் மேல் போட்டாள். "இந்தாம்மா, இதைக் கொஞ்சம் துவைச்சுக் குடுத்துடும்மா."

பேனா முனை தாளைத் தொட்டது.

கவுண்ட்டர்காரி அந்தக் கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கறையை உற்றுப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு பின்கட்டுப் பக்கம் திரும்பி, கடையே அதிரும்படி கத்தினாள்:

"அண்ணே, இஸ்திரியைப் போட்டுட்டு ஓடி வாங்க! கடை திறந்த இந்த மூணு மாசத்துல முதல் தடவையா அழுக்குத் துணி வந்திருக்கு! இந்தம்மா கிளை எடுக்கறதுக்காக உக்காந்து கூட்டம் எண்ண வந்தவங்க இல்ல, நெஜமாவே துவைக்க வந்தவங்க!"