வாடையில்லாத துரியன்

"பெட்டிக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது."

சண்முகசுந்தரியின் இணையக் கடைக்கு வந்த விமர்சனம் அது. ஒற்றை நட்சத்திரம். எழுதியவர் பெங்களூர்க்காரர். அவர் வாங்கியது குற்றால மலைத் துரியன் பழம்.

மேலகரத்து வீட்டில் சண்முகசுந்தரி செல்போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். மலையில் இரண்டு துரியன் மரங்களை அவளும் கணவன் கௌரிசங்கரும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். சாரல் சீசன் முடிந்தால் பழமும் முடிந்துவிடும். அதற்குள் இன்னொரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் கடையையே முடக்கிவிடுவோம் என்று வலைத்தளம் எச்சரித்திருந்தது.

போதாக்குறைக்கு, அதே தளத்தில் ஒரு பெரிய கம்பெனி வெளிநாட்டுத் துரியனைப் பாதி விலைக்கு விற்றது. 'வாடையே இல்லாத துரியன்' என்று விளம்பரம். படத்தில் பழம் தேர்போல ஜொலித்தது.

"வாடையே இல்லாம எப்படிங்க பண்ணுதான்?" என்றாள் வாய்பிளந்து.

"பெரிய கம்பெனிட்டி. மழையையே நனையாமப் பெய்ய வப்பான்" என்றார் கௌரிசங்கர்.

"அப்பம் நாமளும் வாடையை அமுக்கியாகணும்."

அடுத்த பெட்டியில் பழத்தைச் சுற்றிக் காப்பிப்பொடியைக் கொட்டி அனுப்பினாள். கோயம்புத்தூரிலிருந்து விமர்சனம் வந்தது.

"காப்பிப்பொடி பிரமாதம். கூட வந்த பழத்தை வெளியே வீசிவிட்டோம்."

இரண்டு நட்சத்திரம். அதுவும் காப்பிக்கு.

சண்முகசுந்தரி விடவில்லை. அடுத்த பழத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, காற்றுப் போகாமல் டேப் சுற்றித் தென்காசி கூரியர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். மூக்கை வைத்து முகர்ந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மத்தியானம் கூரியர் ஆபீஸ் இசக்கிதுரை போன் செய்தார்.

"ஏம்மா, நீ குடுத்த டப்பாவுல என்ன இருக்கு?"

"பழம் அண்ணாச்சி."

"பழமா? டப்புனு வெடிச்சிட்டும்மா! கேஸ் கசியுதுன்னு தெருவே காலி. தீயணைப்பு வண்டி நிக்கி. சீக்கிரம் வா!"

ஆட்டோ பிடித்து ஓடினாள். கடைகளை அப்படியே போட்டுவிட்டுச் சனம் தெருமுனையில் நின்றது. தீயணைப்பு அதிகாரி ஆவுடையப்பன் முகமூடியோடு உள்ளே போய், மூடி பறந்த டப்பாவைக் கைநீட்டிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இது யாருது?"

"என்னதுதான் சார்" என்றாள் அழமாட்டாக் குறையாக. "கேஸ் இல்ல சார், துரியன். வேணும்னா பாருங்க."

நடுத்தெருவில் உட்கார்ந்து, பழத்தைப் பிளந்து ஒரு சுளையை நீட்டினாள். ஆவுடையப்பன் தயங்கி, முகமூடியைக் கழற்றி, வாயில் போட்டார்.

கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவேயில்லை.

"சார்?" என்றார் இசக்கிதுரை பயந்துபோய்.

"பேசாதியும்வே" என்றார் ஆவுடையப்பன் மெதுவாக. "கொஞ்ச நேரம் பேசாதியும்."

கூட்டம் ஒவ்வொருவராக நெருங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் சுளையை வாங்கித் தின்றுவிட்டுக் கோயில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல மறுபடி கைநீட்டினார்கள். இத்தனை பேரை ஓடவிட்டதும், திரும்ப இழுத்துவந்ததும் ஒரே பழம்தானா என்று சண்முகசுந்தரிக்கே புல்லரித்தது.

"எல்லாம் சரிம்மா" என்றார் இசக்கிதுரை. "தின்னு முடிச்சாச்சே, பார்சலுக்கு நான் என்னத்த அனுப்ப?"

அதற்குள், தெரு காலியான காட்சியை யாரோ வீடியோ எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். இனி கடை அவ்வளவுதான் என்று நினைத்தபடி வீடு திரும்பினாள்.

மறுநாள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவில் அந்தப் பெரிய கம்பெனியின் பெயர். கௌரிசங்கர் சத்தமில்லாமல் பின்வாசல் பக்கம் நகர்ந்தார்.

டை கட்டிய அதிகாரி இறங்கினார். "வீடியோ பார்த்தோம். ஒரே ஒரு பழமா அது?"

"ஒண்ணுதான் சார். தெரியாமப் பண்ணிட்டேன். இனி வாடையே வராமப் பாத்துக்கிடுதேன்."

அதிகாரியின் முகம் வெளுத்தது. "ஐயையோ, அப்படி எதுவும் செஞ்சிராதீங்க!" என்றவர், மேலே எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டையைத் தடவினார்.

திருநெல்வேலிக்கார டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"யக்கா, இது துரியனே இல்லன்னு எங்க பழத்தை எல்லாரும் திருப்பி அனுப்புதாவ. ஒங்க பழம் ஒண்ணே ஒண்ணு குடுங்க, குடோன் நடுவுல வச்சிட்டா அம்புட்டுலயும் வாசம் ஏறிரும்!"