மண்மலைச் சிறுத்தைக்கு முறைப்படி ஓர் அழைப்பு

உலகம் தோன்றிய நாள் முதலாக மனிதன்தான் மிருகத்தைத் தேடிக் காட்டுக்குப் போயிருக்கிறான். கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, நேரம் குறித்து, மிருகத்தை மரியாதையாகக் கூப்பிட்டு வரவழைக்கும் நாகரிகத்தை மனித குலத்துக்கு வழங்கிய பெருமை, நெய்வேலி நகரியத்தின் 'வைகறை நடையாளர் பேரவை'க்கே உரியது. இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் பேரவைத் தலைவர் சக்கரபாணியிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். வாயால் சொன்னால் ஏற்கப்படாது.

சக்கரபாணி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தில் வேலையில் சேர்ந்தவர். முப்பத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. பூங்காக்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரியாக உயர்ந்து, அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. மெமோ வாங்காமலிருக்க இரண்டு வழி உண்டு. தப்பு செய்யாமல் இருக்கலாம். அல்லது ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். அவர் எந்த வழியில் வந்தார் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

நெய்வேலியில் மலை கிடையாது என்று பூகோளப் புத்தகம் சொல்லும். புத்தகம் பழசு. சுரங்கத்தில் வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி, மேலே மரம் நட்டு, மழை பெய்து, புதர் மண்டி, இப்போது ஒரு மலையே நிற்கிறது. மலை வந்த பிறகு அதற்குரிய மிருகமும் வரத்தானே வேண்டும்? சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆறு ஆடு காணாமல் போயிற்று. சிறுத்தையின் தடம் என்று வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. தடத்தைப் பார்த்த விவரம் தெரிந்தவர் ஒருவர், "காட்டுப்பூனையா இருக்கும், இல்லேன்னா நாய்" என்று சொல்லிவிட்டார். பேரவைக்குப் பெருத்த அவமானமாகப் போயிற்று. இத்தனை வருடம் கொட்டிய மண்ணுக்கு வெறும் பூனையா?

நகரியத்தின் வட்டம் பத்தொன்பது பூங்காவில் அவசரக் கூட்டம் கூடியது. வழியைக் காட்டியவர் அருண்பிரசாத். இருபத்தொன்பது வயது இன்ஜினீயர். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டதால் பேரவையில் சேரும் பாக்கியம் பெற்ற ஒரே இளைஞர்.

"சார், அமெரிக்காவுல மலைச்சிங்கம்னு ஒண்ணு இருக்கு. அதை யாரும் தேடிப் போறதில்ல. நாலு ஃப்ரண்ட்ஸ் சேர்ந்து புதர்ல உக்காந்து, அடிபட்ட முயல் மாதிரி சத்தம் குடுக்கறாங்க. அதுவா வந்துருது. நூறு வீடியோ பாத்துட்டேன்."

"வந்ததும்?"

"சுட்டுடறாங்க."

"சட்டப்படி குத்தம்" என்றார் செயலாளர் ஜெயகணேஷ். பணியிடப் பாதுகாப்பையே மூச்சாகக் கொண்டவர் அவர். வீட்டில் கொசுவத்தி கொளுத்துவதற்குக்கூட மனைவி அவரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று பேச்சு.

"நாம போட்டோதான் சார் எடுக்கப்போறோம்."

"அப்ப 'வேட்டை'ங்கறதை மேற்கோள் குறிக்குள்ள போட்டுருவோம். குறிக்குள்ள இருந்தா சட்டம் ஒண்ணும் பண்ணாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்ததாகக் குரல் பிரச்சினை. அமெரிக்க முயலின் அழுகை உள்ளூர்ச் சிறுத்தைக்கு விளங்குமா என்று முக்கால் மணி நேரம் விவாதித்துவிட்டு, ஆடே நல்லது என்று முடிவு செய்தார்கள். செல்போனில் ஆட்டின் கதறலைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் ஓடவிட்டார் அருண்பிரசாத். ஆடு உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பெண் வந்து பல் கூச்சத்துக்குப் பற்பசை சிபாரிசு செய்தாள். சிறுத்தை நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று சக்கரபாணி நிஜமாகவே கவலைப்பட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருந்த தனகோடி சிரித்துவிட்டார். காடாம்புலியூர்ப் பக்கத்து ஆள். பதினாலு வருடமாகக் காண்ட்ராக்டில் அதே பூங்காவில் அதே புல்லை வெட்டுகிறவர். "ஆடு அப்டியா சார் கத்தும்?" என்று கேட்டு, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தாயைத் தொலைத்த குட்டி போல ஒரு குரல் கொடுத்தார். வட்டத்து நாய்கள் எல்லாம் வேலி தாண்டி ஓடி வந்தன. பேரவை கைதட்டி, இதே குரலை மண்மலையில் வந்து கொடுக்கச் சொன்னது. அந்தச் சிரிப்பைச் சிரித்திருக்க வேண்டாம் என்று தனகோடிக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

"நம்மால ஆவாது சார். வூட்ல சத்யாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். எங்க ஆடே ரெண்டு போயிருக்குது. அது பூனை இல்லீங்க சார்."

சக்கரபாணி கனிவாகக் கேட்டார். "உன் கேட் பாஸ் இந்த மாசத்தோட முடியுதுல்ல தனகோடி?"

"ஆமாங்க சார்."

"ஃபார்ம் என் டேபிள்லதான் இருக்கு."

இது மிரட்டல் அல்ல; தகவல். பாஸ் இருந்தால்தான் கேட்டுக்கு உள்ளே விடுவார்கள், உள்ளே விட்டால்தான் வேலை, வேலை இருந்தால்தான் வீட்டில் அடுப்பு. இந்தச் சின்ன விவரம் தனகோடிக்கு நன்றாகத் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"அது வந்துடுச்சுன்னா நான் இன்னா சார் பண்றது?"

"தொடர்ந்து கத்தணும்" என்றார் ஜெயகணேஷ். "நிறுத்தினா அதுக்குச் சந்தேகம் வந்துரும். பச்சைக் கொடி காட்டினா நிறுத்து. கொடி காட்டாம நிறுத்தக் கூடாது."

"நாங்க எல்லாம் பக்கத்துலயே இருக்கோம்ல?" என்று தோளைத் தட்டினார் சக்கரபாணி.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் 'வேட்டை' தொடங்கியது. இரண்டு ஷிஃப்ட். நாலரை முதல் ஆறு வரை சக்கரபாணி தலைமையில் நால்வர். ஆறு முதல் ஏழரை வரை இன்னொரு பேரவை உறுப்பினர் கருப்பசாமி தலைமையில் நால்வர். ஷிஃப்ட் இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்பதே சுரங்கத்து ஊரில் யாருக்கும் தோன்றாது. கிளம்பும்போது சக்கரபாணியின் மனைவி உமாராணி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து, "சிறுத்தை வந்தா நீங்க முன்னால நிக்காதீங்க" என்று சொன்னாள். அவர் எதிலும் முன்னால் நிற்கிறவர் அல்ல என்பது, முப்பது வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மண்மலை அடிவாரத்தில் ஜெயகணேஷ் இருபது நிமிடம் பாதுகாப்பு உரை ஆற்றினார். நால்வருக்கும் ஹெல்மெட். நால்வருக்கும் இருட்டில் மின்னும் ரேடியம் ஜாக்கெட். மறைந்திருக்க வேண்டியவர்கள் புதருக்குள் கல்யாணப் பந்தல் மாதிரி ஜொலித்தார்கள். அறுபது அடி கீழே, இன்னொரு புதரில் தனியாகத் தனகோடி. அவருக்கு ஹெல்மெட் இல்லை. ஆடு ஹெல்மெட் போட்டிருந்தால் சிறுத்தை நம்புமா என்று ஜெயகணேஷ் கேட்டார். நியாயமான கேள்வி.

தனகோடி கத்தினார். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கத்தினார். கிழக்கு வெளுத்தது. மயில் ஒன்று பதில் சொன்னது. ஒரு முயல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சக்கரபாணிக்குக் கால் மரத்துவிட்டது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. பிரிவுபசார விழா மேடையில் தன் பின்னால் அந்தச் சிறுத்தைப் படம் ஆளுயரத்துக்குத் தொங்கப்போவதைக் கற்பனை செய்து பார்த்தார்.

சரியாக ஆறு மணிக்குச் சுரங்கத்தின் ஷிஃப்ட் சங்கு ஊதியது.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். ஆறு மணிச் சங்கு கேட்டதும் எழுந்திருப்பது நெய்வேலி உடம்புக்கு மூளையைக் கேட்டு நடக்கிற காரியம் அல்ல. நால்வரும் எழுந்தார்கள். ஸ்டூலை மடக்கினார்கள். பேட்டரி தீரப்போகிறது என்று அருண்பிரசாத் கேமராவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நால்வரும் மறுபக்கப் பாதையில் வரிசையாக இறங்கிப் போனார்கள். பச்சைக் கொடி ஜெயகணேஷின் பின் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது.

பொறுப்பு மாற்றும் ரிஜிஸ்டர், அடிவாரத்து டீக்கடையில் இருந்தது. அங்கேதான் மேஜையும் விளக்கும் இருந்தன. கருப்பசாமியின் குழு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தது. முதல் ஷிஃப்ட் கையெழுத்துப் போட்டு முடிக்காமல் இரண்டாம் ஷிஃப்ட் மலையில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. ஜெயகணேஷ் வாசித்தார்.

"ஸ்டூல் நாலு, நல்ல நிலையில். பைனாகுலர் ஒண்ணு, நல்ல நிலையில். ஒலி எழுப்பும் சாதனம் ஒண்ணு, நல்ல நிலையில்."

"அது எது?" என்றார் கருப்பசாமி.

"தனகோடி. பேரவை உறுப்பினரா இல்லாதவரை ஆள் கணக்குல எழுத இடம் இல்ல. அதனால சாதனக் கணக்குல எழுதிட்டேன்."

எவ்வளவு முன்யோசனை! சக்கரபாணி 'வெளியே' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மேலே மலையிலிருந்து ஆட்டுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று அந்தக் குரல் மாறியது.

"இப்பத்தான் நல்லா வருது" என்றார் கருப்பசாமி.

"ஃபீலிங்கோட பண்றான்" என்றார் ஜெயகணேஷ்.

அருண்பிரசாத் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சார், ஆடு 'ஐயோ'ன்னு கத்துமா?"

சக்கரபாணி கையில் பேனாவோடு "ஓடுங்கய்யா!" என்று எழுந்தார்.

"யார் சார் ஓடறது?" என்றார் ஜெயகணேஷ். "நாம வெளிய போட்டாச்சு. அவங்க இன்னும் உள்ள போடல. இப்ப மலையில ஷிஃப்டே இல்ல. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

மெமோ என்ற சொல் சக்கரபாணியின் காலைக் கட்டிப்போட்டது. ஆனாலும் நெருக்கடி நேரத்தில் ஒரு தலைவன் செய்ய வேண்டியதை அவர் செய்தார். பேனாவைக் கருப்பசாமியிடம் நீட்டினார். கருப்பசாமி மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

கண்ணாடி கிடைப்பதற்குள் தனகோடியே இறங்கி வந்துவிட்டார். சட்டை முதுகில் இரண்டாகக் கிழிந்திருந்தது. இடுப்பு வரை ரத்தம். பெஞ்சில் கையை ஊன்றி நின்றுகொண்டு, சக்கரபாணியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"கொடி காட்டவே இல்லீங்களே சார். நான் காட்டுவீங்க, காட்டுவீங்கன்னு கத்திக்கினே இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு தையல். தையலுக்கு முன்னால் ஜெயகணேஷ் தன் கடமையை மறக்கவில்லை. காயத்தின் அருகே ஸ்கேலை வைத்து, "கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புப்பா" என்று நாலு படம் எடுத்துக்கொண்டார். நாலு கீறல், ஒவ்வொன்றும் பதினோரு சென்டிமீட்டர். பூனையாவது, நாயாவது! "நமது மண்மலையில் சிறுத்தை இருப்பது ஐயமற நிரூபணம். 'வேட்டை' மாபெரும் வெற்றி" என்று மதியத்துக்குள் வாட்ஸப்பில் செய்தி போயிற்று. நூற்று நாற்பத்து மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. வேட்டையாடிய அதே ஆட்கள்தான் குழு. விவரம் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? சம்பவ நேரத்தில் மலையில் பேரவையினர் எவரும் இல்லை என்பது ரிஜிஸ்டர்படி நிரூபணமானது. ஆகவே விபத்து எண்ணிக்கை: இல்லை. சாதனம் ஒன்று லேசான சேதம். ஆனால் முதுகில் தையலோடு ஓர் ஆள் படுத்திருக்கிறாரே, அவர் யார்? அனுமதி இல்லாமல் மண்மேட்டில் நுழைந்த வெளியாள். வேறு எப்படியும் எழுத வழியில்லை என்று ஜெயகணேஷ் வருத்தத்தோடு சொன்னார்.

அறிக்கையில் சக்கரபாணி கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மேஜை மேலிருந்த கேட் பாஸ் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார். அத்துமீறி நுழைந்தவன் என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, அவனையே உள்ளே விடலாம் என்று இன்னொரு காகிதத்தில் எழுதினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் மெமோ வரும். ஓய்வுக்கு ஆறு நாள் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. இத்தனை மன உளைச்சலுக்கு நடுவிலும், 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று அழகான எழுத்தில் எழுதினார்.

ஐந்தாம் நாள் தனகோடி அலுவலகத்துக்கு வந்தார். இடது கையை அசைக்க முடியவில்லை.

"நீங்கதான சார் என்னை இட்டுக்கினு போனீங்க?"

"எனக்குத் தெரியும் தனகோடி. ரிஜிஸ்டருக்குத் தெரியாதே."

"பாஸ் இல்லேன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க சார்."

"என் கையில ஒண்ணும் இல்லப்பா. விதி அப்படி இருக்கு."

தனகோடி அந்தக் கையைப் பார்த்தார். பேனா இன்னும் அதில்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை.

"அது பின்னால இருந்து வந்து ஒரு அடி அடிச்சுதுங்க சார். நான் வுழுந்து, திரும்பி மூஞ்சியக் காட்டினேன். கிட்ட வந்து மோந்து பாத்துச்சு. ஆடு இல்ல, ஆளுன்னு தெரிஞ்சதும் தலையைத் திருப்பிக்கினு போயிடுச்சு."

வாசல் வரை போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அதுக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சுபோச்சு சார். உங்களுக்குப் பதினாலு வருசமாத் தெரியல."