ஒரே நடையார்

மனித இனத்தில் ஒரே நடையார் என்றொரு பிரிவு உண்டு. அடையாளம் காண்பது எளிது: இரண்டு கை, ஒரு ட்ரே, அதன்மேல் பாதி வீடு. முட்டைக்கு ட்ரே, ஐஸுக்கு ட்ரே, அலுவலகக் கோப்புகள் படுத்துறங்க ஒரு ட்ரே என்று நமக்குத் தெரியும். விளிம்பு வைத்த தட்டு, பொருள்களை ஏந்திச் செல்ல உதவுவது என்று அகராதியும் சொல்லும். அகராதிக்கு என்ன தெரியும்? இவர்களுக்கு அது இரண்டாவது நடையை ஒழிக்க வந்த ஆயுதம்.

நம் நூலகரைப் பாருங்கள். திரும்பி வந்த புத்தகங்களை ட்ரேயில் மோவாய் வரை அடுக்கி, மேலே பசைப்புட்டி, அதற்கும் மேலே தன் மூக்குக்கண்ணாடி என்று ஏற்றிக்கொண்டு, கண்ணாடி இல்லாததால் எதிரே வருவது யாரென்று தெரியாமல் தூணுக்கும் சேர்த்து வணக்கம் சொல்லிக்கொண்டே போவார். விழுந்ததுண்டா? உண்டு. திருந்தினாரா?

ஒருநாள் அவர் வீட்டுக்கு மருத்துவமனை மேட்ரன் வந்திருந்தார். நூலகரின் மனைவி நர்ஸ். வருடக்கணக்காக இரவு டியூட்டி. பகலுக்கு மாற்றச் சொல்லி இன்று கேட்டுவிடுவது என்று முடிவு.

"ரெண்டு நடையா கொண்டு வாங்க," என்று சமையலறையில் கணவரின் காதைக் கடித்தாள். "எங்க வார்டுல ஒரு ட்ரேல ஒரு ஊசிதான் வைப்போம்."

"அதான் அங்க யாருக்கும் சீக்கிரம் குணமாகல."

டீ, பிஸ்கட், நறுக்கிய பழம், தண்ணீர் ஜாடி, எதற்கும் இருக்கட்டுமென்று மின்விசிறி ரிமோட், எல்லாம் ஏறின. கதவை முழங்கையால் அமுக்கி, இடுப்பால் தள்ளி, குதிகாலால் நிறுத்தி, நூலகர் கூடத்துக்குள் மிதந்து வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மேட்ரன் நல்லவர். "கொடுங்க, நான் வாங்கிக்கறேன்," என்று எழுந்து, ஓரத்திலிருந்த ஜாடியை அன்போடு எடுத்தார்.

ஒரே நடையாருக்கு உலகில் ஒரே எதிரி, உதவி செய்பவர். ட்ரே மறுபக்கம் சாய்ந்தது. டீ முழுவதும் நாற்காலியில் திறந்து கிடந்த மேட்ரனின் கைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது.

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மேட்ரன் தரையில் உட்கார்ந்து, உடைந்த கோப்பைகள், ஊறிய பிஸ்கட், துடைத்த துணி, ஜாடி, ரிமோட், தன் கைப்பை எல்லாவற்றையும் அதே ட்ரேயில் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், பாதிய நான் எடுத்துக்கறேன்."

"கைய வைக்காதம்மா, சாஞ்சிடும். இதுக்குப் போய் ரெண்டு நடையா?"

அவர் ட்ரேயோடு எழுந்ததும் நூலகர் பரவசத்தோடு ஓடிச் சமையலறைக் கதவைத் திறந்து பிடித்தார். நர்ஸ் மட்டும் அந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், எனக்குப் பகல் டியூட்டி வேணும்."

"இப்பவா கேப்பே?"

"ஆமா மேடம்."

கோபுரம் நடுங்கியது. "சரி, தந்தேன். வழிய விடு."

நீங்கள் சிரிக்கலாம். அதற்குமுன் அக்குளில் இடுக்கியிருக்கும் குடையையும் பல்லில் கவ்வியிருக்கும் சாவியையும் கீழே வையுங்கள்.