கோடிப் புள்ளிச் சித்தர்

1997 மார்கழியில் மயிலாப்பூரில் இரண்டு இடங்களில் கூட்டம். ஒன்று சபாக்களில். இன்னொன்று மாட வீதியை ஒட்டிய கல்யாண மண்டபத்தில். அங்கே போண்டா போடும் கேண்டீன்கூடக் கிடையாது. அப்படியும் அங்கேதான் ஜனம் முண்டியடித்தது!

மண்டப மேடையில் கோடிப் புள்ளிச் சித்தர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். எதிரே ஒரு லேப்டாப். ஐயா, அது சாதாரண லேப்டாப் அல்ல. 2020-இல் வர வேண்டிய திரையாம். அமெரிக்காக்காரன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தவ வலிமையால் சித்தருக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது. திரையில் ஒரு கோடிப் புள்ளிகள். அவ்வளவு நுணுக்கத்தை ஊனக்கண் தாங்காது, வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். சித்தரின் ஞானக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அவரவர் குலதெய்வம் காட்சி தரும். கூடவே கண் வியாதியும் கரைந்துபோகும். காணிக்கை தனி.

வேம்பு டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெண்கள் பள்ளியில் முப்பது வருஷமாகப் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். வலது கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். "இன்னும் தள்ளிப் போட்டா அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை" என்றும் எச்சரித்திருந்தார். ஆனால் டீச்சருக்குக் கத்தி என்றாலே நடுக்கம். போன வாரம் ஞானக் கண்ணாடிக்குள் ஏதோ ஜோதி தெரிந்ததும், ஆபரேஷன் வேண்டாமென்று முடிவு கட்டிவிட்டார். பயத்துக்கு ஒரு சாமி துணைக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

இன்று இரண்டாம் தரிசனம். அதே பள்ளியின் பௌதிக டீச்சர் ஜொவிட்டா, "நானும் வரேன்" என்று கூடவே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

"இன்னாமா, புள்ளி சாமியா?" என்றார் ஆட்டோக்காரர். "பேஜாரா கூட்டம் கீது. எங்க நைனாகூட அந்தக் கண்ணாடியப் போட்டுக்கினு பாத்தாரு. இன்னும் செவுத்துலதான் முட்டிக்கினு கீறாரு."

"நம்பிக்கை பத்தலை" என்று தீர்ப்பளித்தார் வேம்பு டீச்சர்.

"டீச்சர், போன வாரம் சொன்னீங்களே, கண்ணாடி போட்டா மட்டும்தான் படம் தெரியுமா?" என்று கேட்டாள் ஜொவிட்டா.

"ஆமா. ஆனா தலையை ஆட்டப்படாது. ஒரு தொண்டர் கழுத்தைப் பிடிச்சுண்டே நிப்பார்."

ஜொவிட்டா தன் கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சரின் முறை வந்தது. கண்ணாடி மூக்கில் ஏறியது. இருட்டின் நடுவே மங்கலாக ஒரு ஜோதி. டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கழுத்தைப் பிடித்திருந்த தொண்டர், அடுத்தவரிடம் காணிக்கைத் தட்டை நீட்டுவதற்காகச் சற்று நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே சாமி புறப்பாடு. நாகஸ்வரத்தில் கல்யாணி!

மயிலாப்பூர்ப் பாட்டு டீச்சரின் தலை கல்யாணிக்குச் சும்மா இருக்குமா? ஒரு பிடி வந்ததும் தோளைத் தொடுகிற மாதிரி சாய்ந்தது. ஜோதியைக் காணோம்! தலை நிமிர்ந்தது. ஜோதி வந்தது. சாய்ந்தது. போயிற்று.

"அம்மணி, அசையாதே!" என்று அதட்டினார் சித்தர். "தெய்வம் கோபித்துக்கொள்ளும்!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. எதை வேண்டுமானாலும் பொறுப்பார், இதை எப்படிப் பொறுப்பார்?

"கல்யாணிக்குத் தலையாட்டினா கோச்சுக்கற சாமியை நான் பார்த்ததே இல்லையே!" என்றவர், கண்ணாடியைக் கழற்றி, நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "ஜொவிட்டா! ஜோதி இருந்த இடம் இருட்டாயிடுத்து. சுத்தி இருந்த இருட்டெல்லாம் வெளுத்துப் போச்சு!"

ஜொவிட்டா மேடை ஏறினாள்.

"இது தவமும் இல்ல, கோடிப் புள்ளியும் இல்ல டீச்சர். எல்லா லேப்டாப் திரை மேலயும் மெல்லிசா ஒரு தாள் இருக்கும். அதை உரிச்சுட்டா வெறும் வெள்ளைதான் தெரியும். அந்தத் தாளை வெட்டி, எண்ணெய் பூசி மங்கலாக்கி, கண்ணாடியில ஒட்டி உங்க மூக்குல மாட்டியிருக்கார். தாள் திரும்பினா வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிடும், அதான் தலையை ஆட்டக் கூடாதுங்கறார். நம்ம லேப்லயும் அதே தாள் இருக்கு. இதோ!"

கைப்பையிலிருந்து கறுத்த பிளாஸ்டிக் தாளொன்றை எடுத்துத் திரைமேல் வைத்தாள்.

வெள்ளைத் திரையில் படம் குதித்து வந்தது. கண்ணாடி இல்லாமல், காணிக்கை இல்லாமல், மண்டபம் மொத்தத்துக்கும் தரிசனம்! காலண்டர் லட்சுமி ஒருத்தி. முகமெல்லாம் கட்டம் கட்டமாக. காலடியில் கொட்டை எழுத்தில்: ரகுபதி பாத்திரக் கடை, சிந்தாதிரிப்பேட்டை.

"எனக்கு முனீஸ்வரன் தெரிஞ்சாரே!" என்று ஒருவர் அலறினார்.

"எனக்குப் பெருமாள்னா தெரிஞ்சார்!" என்றார் இன்னொருவர்.

"குறுக்கே அறுநூத்து நாப்பது புள்ளி, நெடுக்கே நானூத்தி எண்பது, பெருக்குங்க" என்றாள் ஜொவிட்டா. "இந்தப் பழைய திரையில மொத்தம் மூணு லட்சத்துச் சொச்சம் புள்ளிதான். மீதியெல்லாம் நீங்களா வெச்சுக்கிட்டது."

சித்தர் "பேட்டரி... பேட்டரி..." என்று முனகியபடி சமையல்கட்டு வழியாக நழுவினார். அங்கே நாலு பேர் மடக்கிக்கொண்டார்கள். 2020-இல் நடக்கப்போவதைப் பார்த்தவர், பின்வாசலில் நடக்கப்போவதைப் பார்க்கவில்லை.

வேம்பு டீச்சர் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வெக்கமா இருக்குடி. பாத்திரக் கடைக் காலண்டருக்காக நான் ஒரு கண்ணையே குடுத்திருப்பேனே! வியாழக்கிழமை நீ என் கூடவே இருக்கணும், கேட்டியா? பயம் இன்னும் போகலை."

வியாழக்கிழமை பயத்தோடேயே போனார். கண்ணோடு திரும்பினார்.

திரைகள் இனியும் நுணுக்கமாகிக்கொண்டேதான் போகும். கோடிப் புள்ளி என்ன, அதற்கு மேலும் வைப்பார்கள். எறும்பின் மீசையைக்கூட மடியில் வைத்துப் பார்ப்போம். ஆனால் ஒன்று, பெரியோர்களே: பார்ப்பவரின் மூளையையும் சேர்த்து டப்பாவில் போட்டு எந்தக் கம்பெனியும் விற்கப் போவதில்லை. அதை அவரவர் வீட்டிலிருந்துதான் எடுத்து வர வேண்டும்.