தாளம் தப்பாத மாமாவும் என் பி.எட். பணமும்

பணத்தை எதில் போடலாம் என்று யோசனை கேட்க, தாளம் போடுகிற அழகைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்த ஒரே பெண் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். (மயிலாப்பூரில் மட்டும் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம்.)

எழுபதுகளின் தொடக்கம். தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. நாள் முழுக்கத் தட்டித் தட்டி விரல் மரத்துப்போய், பி.எட். படித்து டீச்சராகியே தீருவது என்று வெறியோடு பணம் சேர்த்தேன். காலேஜ் திறக்கும் வரை அதை எதில் போடலாம் என்று கேட்டால் அப்பா, "தபால் ஆபீஸ்" என்றார். அம்மா, "ரெண்டு வளையல்" என்றாள். சரியான பத்தாம்பசலிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு சுந்தரம் மாமா சபாவில் எங்களுக்கு முன் வரிசை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தாலும், மாமாவின் கை தொடையில் சரியான இடத்தில் வந்து விழும். இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வட்டிக் கணக்கா தப்பிவிடும்? (என் மூளை அப்போது அவ்வளவுதான்.) ஒரு நாள் கச்சேரி முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

மாமா கண்ணை மூடித் திறந்தார். "தி.நகர்ல புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கு. பேங்கை விட ரெண்டு மடங்கு வட்டி. பேஷான கம்பெனி!"

வீட்டில் மூச்சுவிடாமல் போய்ப் போட்டேன். புடவைக் கடைக்கு மேல் மாடி. ஊதுபத்தி, சாமி படம், வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ் மில்க். முதல் மாத வட்டி டாணென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாமா வீட்டுக்கு மைசூர்பாகு வேறு வாங்கிப் போனேன்.

அடுத்த மாதம் மாடியேறினால் கதவில் இத்தனை பெரிய பூட்டு. போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே புடவைக் கடை வாட்ச்மேன் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இன்னா தங்கச்சி, நீயும் துட்டு போட்டியா? முந்தாநேத்தே ஃபேனைக்கூட கயட்டிக்கினு பூட்டானுங்க!"

என் பி.எட். போச்சு! படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. ஐயோ, சுந்தரம் மாமா! ரத்தக்கொதிப்புக்காரர் ஆச்சே, அவர் எத்தனை போட்டிருக்கிறாரோ? விஷயத்தைக் கேட்டு மயங்கி விழுந்தால்? பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கையோடு ஒரு சோடா வாங்கிக்கொண்டு ஓடினேன்.

மாமா ரேடியோவில் பாட்டுக் கேட்டபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, பதறாதீங்கோ. மொதல்ல உக்காருங்கோ." (உட்கார்ந்துதான் இருந்தார்.) "அந்தக் கம்பெனிக்காரன் பூட்டிண்டு ஓடிட்டான்!"

"அடப்பாவமே! நீ எவ்வளவு போட்டே?"

"என்னுது கெடக்கட்டும். நீங்க எவ்வளவு போட்டேள்?"

"நானா? நான் எங்கேடி போட்டேன்? என் பணம் பூரா தபால் ஆபீஸ்லன்னா இருக்கு!"

"பேஷான கம்பெனின்னேளே மாமா!"

"அப்படின்னு யாரோ சொன்னா, நானும் சொன்னேன். நீ நெஜமாவே போய்ப் போடுவேன்னு நான் கண்டேனா?"

இத்தனை பேச்சிலும் அந்தக் கை ஒரு தட்டுகூடத் தப்பவில்லை! சோடாவை நானே குடித்தேன்.

அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது. பி.எட். அந்த வருஷமும் இல்லை, அப்புறமும் இல்லை. டைப்ரைட்டர் முன்னாலேயே ரிடையர் ஆனேன்.

இப்போது என் பிள்ளை, "அம்மா, இதுல போட்டா நல்லா வளருமாம், ஆபீஸ்ல சொல்றாங்க" என்று வருவான். "சொன்னவன் போட்டிருக்கானாடா?" என்று நான் கேட்பதற்குள், இந்தக் கதையை நூறு தடவை கேட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் இருக்கும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடுவார்.