நாற்பத்தைந்தாயிரம் மணி நேரத்துக்கு வட்டி

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள்முதல் உங்களுக்கு அஞ்சி நடந்துவரும் மாப்பிள்ளை பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாகவும், உங்கள் ரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது ஒரு நிலையிலும் இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஆடிட்டர் கடிதம் அல்லவா, நான்கே வரி. “தங்கையின் ஓய்வுக்காலப் பணம் வந்து மூன்று மாதமாகிறது. அதை நீங்கள் எதிலும் போட்டதாகத் தெரியவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இனி அந்தப் பணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.” படித்ததும் எனக்குச் சுருக்கென்றது மச்சான். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் ஹெட் நர்ஸாகவும் ராத்திரி டியூட்டி பார்த்துச் சம்பாதித்த பணத்தை அவள் நம்பி என் கையில் கொடுத்திருக்கிறாள். “எங்கே போடலாம், சொல்லு” என்று நானும் கேட்காத நாளில்லை. அவள் மத்தியானம் கண்ணை மூடினால் போதும், எனக்கு ஒரு நல்ல யோசனை வந்துவிடும். உடனே எழுப்பிக் கேட்பேன். “எங்கேயாவது போடுங்க, என்னைத் தூங்க விடுங்க” என்பாள். இப்படி எந்தக் குறிக்கோளும் இல்லாத முதலீட்டாளரை வைத்துக்கொண்டு நான் எப்படித் திட்டம் போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. பணம் வந்து ஒரு வாரத்தில் அரசு மாறியது. பழைய அரசுக்குப் போட்ட கணக்கு புதிய அரசுக்கு உதவுமா? இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரசு அச்சகத்தில் முப்பது வருஷம் கெஜட்டுக்குப் பிழை திருத்தியவன் நான். ஐந்து அரசுகளைப் பார்த்தாயிற்று. புதிதாக வருகிறவர்கள் முதலில் படிவத்தின் நிறத்தை மாற்றுவார்கள், பிறகு வட்டியை மாற்றுவார்கள், கடைசியில் இரண்டையும் பழையபடி ஆக்கிவிட்டுப் போவார்கள். அதனால் புது நிதியமைச்சர் வாயைத் திறக்கட்டும், அவர் திசையைப் பார்த்துக்கொண்டு பணத்தைப் பிரிக்கலாம் என்று பொறுத்திருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன்பு திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அமைச்சர் பேசினார். நான் சாப்பிட்டுவிட்டு டிவிக்கு எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இதைத் தூக்கம் என்று உங்கள் தங்கை சொல்லியிருப்பாள், நம்பாதீர்கள். அது எங்கள் தொழில்முறை. அச்சகத்தில் மூலத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தார். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பதால் அவருக்குக் கமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு மணி வெயிலில், மெஷின்கள் அடங்கி ஓடும் சத்தத்தில், அவர் ஒரே சுருதியில் படித்துக்கொண்டே போவார். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். எங்கே பிழை வருகிறதோ அங்கே என் கை தானாக எழும். ஒருமுறை, “இறந்துபோன ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொருமுறை நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்” என்று ஒரு ஆணை வந்தது. கமா கூச்சமில்லாமல் படித்துவிட்டுப் போனார். கண்ணை மூடியிருந்த நான்தான் பிடித்தேன். பிழை பிடிப்பது மட்டுமில்லை மச்சான், நாளாக ஆக, அரசு என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதுவே என் காதில் விழ ஆரம்பித்தது.

அன்றைக்கும் அப்படித்தான். அமைச்சர் குரல் குழாயில் தண்ணீர் வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. முதல் அரைமணி நேரம் பற்றாக்குறை. அப்புறம் மெல்ல மெல்லத் தெளிவு வந்தது. அமைச்சர் வெள்ளைச் சீருடையில் கையில் டார்ச்சோடு நீளமான ஒரு கூடத்தில் நடந்துகொண்டே வாசிக்கிறார். இருபக்கமும் வரிசையாகக் கட்டில்கள். எல்லாத் துறைச் செயலாளர்களும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் கோப்பு தொங்குகிறது. அமைச்சர் அதை எடுத்துப் பார்த்து, “இவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வரியையும் இறக்கலாம்” என்கிறார். ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் மெதுவாகப் போகின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் அச்சடித்திருக்கிறது. சட்டசபையை இவ்வளவு மாற்றிவிட்டார்களே என்று எனக்கும் தோன்றியது. புதிய அரசு, மாற்றத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். உங்கள் தங்கை கடைசிவரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், சாட்சிக்கு வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

முக்கியமான அறிவிப்புகள் மூன்று. விழித்ததும், அதாவது கண்ணைத் திறந்ததும், நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். ஒன்று, மேகப் பங்குகள். நாட்டின் மேலே போகும் மேகங்களில் பொதுமக்கள் பங்கு வாங்கலாம், மழை பெய்தால் லாபம், பெய்யாவிட்டால் அசலுக்கு மோசமில்லை. அடுத்தது, பெட்டகத்தில் கிடக்கும் நகையை மாதத்துக்கு ஒருநாள் நிலா வெளிச்சத்தில் எடுத்து வைத்தால் வரிச்சலுகை. மூன்றாவதுதான் முத்தாய்ப்பு. இரவுப்பணி உறக்க ஈட்டுப் பத்திரம். இருபது வருஷத்துக்குமேல் ராத்திரி வேலை பார்த்தவர்கள் எத்தனை மணி நேரத் தூக்கத்தை இழந்தார்களோ அத்தனையும் அரசு அவர்களுக்குப் பட்ட கடன். அவர்கள் போடும் பணத்துக்கு ஒன்பதரை சதவீத வட்டி, இழந்த ஒவ்வொரு மணிக்கும் தனி வட்டி, முதிர்வின்போது அசலோடு ஒரு தலையணை.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்தொரு வருஷம், வாரத்துக்கு நாலு ராத்திரி, ராத்திரிக்கு ஏழு மணி. நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் மணி நேரம் வந்தது. எண்ணை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன் மச்சான். அத்தனை ராத்திரியும் நான் முழுக் கட்டிலிலும் கைகாலை நீட்டித் தூங்கியிருக்கிறேன். காலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது, “டீ போடறியா?” என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்தப் பத்திரத்தை அவள் பெயரில் வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு பேங்க்கில் முதல் டோக்கன் என்னுடையது. கவுண்ட்டரில் இருக்கும் பெண் நல்ல பெண். நோட்டைக் காட்டினேன். சிரிக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு, “சர்க்குலர் இன்னும் வரல சார். நாளைக்கு வந்து பாருங்க”ன்னு மரியாதையாச் சொல்லிச்சு. எனக்குப் பின்னால் நின்ற வாட்ச்மேன் காதில் இது விழுந்தது. “எனக்கு இருபத்தாறு வருஷம் நைட்டு, எனக்கும் ஒரு ஃபாரம் குடும்மா”ன்னான். அவனுக்குப் பின்னால் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர், அவருக்குப் பின்னால் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். நாலு நாளில் வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. எல்லாரும் வாழ்நாள் முழுக்க ராத்திரியில் முழித்தவர்கள் என்பதால் பகலில் வரிசையிலேயே ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குகிறார்கள். டோக்கன் எண்ணைக்கூட அந்தப் பெண் மெதுவாகத்தான் கூப்பிடுகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, “போன வருஷம் பூரா நான் ஒரு ராத்திரிகூடத் தூங்கல, இது சேருமா?”ன்னு கேட்டாள். மேனேஜர் வெளியே வந்து பார்த்துவிட்டு, “அதுக்கெல்லாம் தனி கவுண்ட்டர் வெக்கணும்மா, ஊரே வந்துரும்”ன்னார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? “அப்படி ஒரு திட்டம் இருக்குன்னு சொல்ல எங்களுக்கு உத்தரவு வரல. இல்லைன்னு சொல்லவும் வரல. புது கவர்ன்மென்ட்டு சார், நாங்க எதுக்கு வாயைக் குடுக்கணும்?” இதுக்குமேல என்ன ஆதாரம் வேணும் மச்சான்?

ஆகவே என் பிரிப்பு இப்படி. பத்தில் ஆறு பங்கு உறக்கப் பத்திரம். இரண்டு பங்கு மேகம். அதற்காகத் தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போய்ச் சந்தை நிலவரம் பார்த்துவிட்டு வருகிறேன், இந்த வாரம் சுமார்தான். ஒரு பங்கு தங்கம். ஒரு பங்கு கையில் ரொக்கம், எந்த அரசு வந்தாலும் டாக்டர் ரொக்கம்தான் கேட்பார். சர்க்குலர் வந்த மறுநிமிஷம் பணம் போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் தினமும் ஒன்பதரைக்குப் போய், கதவு சாத்துகிற நாலு மணிவரைக்கும் பேங்க் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டை உங்கள் தங்கையே டப்பாவில் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து, “அவசரப்பட்டு வந்துராதீங்க, இருந்து முடிச்சிட்டே வாங்க”ன்னு அனுப்பி வைக்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு காரியத்துக்குப் போகும்போது அவள் இப்படி உற்சாகப்படுத்தியதில்லை. முகமே தெளிஞ்சிருக்கு. எல்லாம் ஒன்பதரை சதவீதத்தின் மகிமை.

இப்படி எல்லாம் கூடிவருகிற நேரத்தில் நீங்கள் வந்து பணத்தை எடுத்துக்கொண்டு போனால், அவளுடைய நாற்பத்தைந்தாயிரம் மணி நேரமும் பாழ். எனக்குப் புத்தி போதாது என்று நீங்கள் நினைக்கலாம், அது பழைய விஷயம். ஆனால் அவளுக்கு நான் செய்யவேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் செய்ய என்னை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தயவுசெய்து தள்ளிவைக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் பெரியவர்களாகி எந்த அரசின் கீழும் எட்டு மணி நேரம் தூங்கி வாழ வேண்டும். தபாலில் போட உங்கள் தங்கையிடமே கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத (இந்த ஒருமுறை தவிர),
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது நான். உறையை ஒட்டுமுன் படித்தேன். அமைச்சர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, நான் வீட்டில் இல்லை. இவர் கண்ணை மூடின ஐந்தாவது நிமிஷம் செருப்பைப் போட்டுக்கொண்டு பேங்க்குக்குப் போய், என் கணக்கிலேயே கிடந்த பணத்தை என் பெயரில் ஐந்து வருஷ டெபாசிட்டில் போட்டுவிட்டேன். எந்த அரசு வந்தாலும் போனாலும் அதுவரை அதை யாரும் எழுப்ப வேண்டாம். கவுண்ட்டரில் இருக்கிற பெண் என் வார்டில் பிறந்தவள். இவரை நாலு மணிவரை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வாட்ச்மேனும் மற்றவர்களும் தானாக வந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. டெபாசிட்டில் போடுமுன் ஒரு சின்னத் தொகையை எடுத்து எதிர்வீட்டு மாடியறைக்கு ஒரு வருஷ வாடகை கட்டியிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், என்னை எழுப்ப யாரும் இல்லை. தினமும் இவர் கிளம்பினதும் போய்ப் படுத்துவிடுகிறேன். மூன்று வாரமாகத் தூங்குகிறேன் அண்ணா. அந்த எண்ணை இவர் எழுதியிருப்பதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது, அதனால் இவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பயணத்தையும் தள்ளிவைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேங்க் கிடையாது, அந்த ஒருநாள் மட்டும் இவரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் இருந்தேன். அவசியம் காலையிலேயே வந்துவிடுங்கள். சமைத்து மூடி வைத்திருப்பேன். இரண்டுபேரும் சாப்பிட்டுவிட்டு, பணத்தை எதில் போடுவது என்று நாலு மணிவரைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருங்கள்.