தூண்கள் வராத வீடு

மகள் கட்டிய வீட்டில் தூண்களைக் காணவில்லை.

ஸ்டூடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். நான்கு வெள்ளைச் சுவர்கள். ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். நடுவில் ஒரு நாற்காலி. தூண் இல்லை, மாடிப்படி இல்லை, தொங்கு விளக்கு இல்லை.

"போச்சு. பாதிதான் வந்திருக்கு" என்றார்.

"என்னது பாதி?" என்று முன்பக்க மேசையிலிருந்து மனைவி கேட்டாள்.

"பாப்பா கட்டின வீடுதான். எலும்புக்கூடு மட்டும் வந்து நிக்குது. மிச்சமெல்லாம் வழியிலேயே மாட்டிக்கிச்சு."

"பெரியவருக்கு மூச்சு வாங்குதோ என்னவோ."

பெரியவர் என்பது ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர். கடை திறந்த காலத்தில் வாங்கியது. ஊரில் பாதிப் பேருக்குப் பருவை அழித்து, நிறத்தைக் கூட்டி, மூடிய கண்ணைத் திறந்துவிட்ட மெஷின். காலையில் பொத்தானை அமுக்கினால் ஆற அமர யோசித்துத்தான் எழுந்திருக்கும். அதை மாற்றச் சொன்னவர்களோடு ஸ்டூடியோக்காரர் பேச்சையே நிறுத்திவிடுவார். இப்போதுகூட 'அது' என்று எழுதியதை அவர் பார்த்தால் சண்டைக்கு வருவார். 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். படிப்பு என்னவென்றால் வீடு கட்டுவது. அதுவும் கல்லும் மண்ணும் இல்லாமல், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் உலகத்தில். உட்கார்ந்த இடத்திலிருந்தே நம் சார்பில் ஒரு பொம்மையை உள்ளே அனுப்பித் தெருவில் நடக்கலாம், கடைக்குப் போகலாம், வம்பளக்கலாம். அங்கே நடக்கும் வீடு கட்டும் போட்டியில் அவள் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். ஜெயித்தால் கையோடு வேலை.

போனில் அவள் இதைச் சொன்னதுதான் தாமதம், ஸ்டூடியோக்காரர் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். மருந்துக்கடை, பூட்டுக்கடை, சைக்கிள் கடை என்று ஒரு இடம் விடவில்லை. "என் பொண்ணு கடைசிச் சுத்து!" பெருமை தாங்காமல், வழியில் போன தபால்காரரையும் நிறுத்திச் சொன்னார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து போனை எடுத்தபோது, மகள் போட்டியைப் பற்றி விளக்கி முடித்து, "புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் புரிஞ்சுதும்மா" என்றார்.

நடுவர்கள் வீட்டைப் பார்க்க வரும்போது குடும்பத்தில் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அவளிடம் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். பெற்றவர்களுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

சும்மாவும் இருக்கவில்லை. ஒரு வாரமாகப் பெரியவரோடு அந்த உலகத்துக்குள் போய்ப் பழகினார். அங்கே எல்லாம் தவணைமுறையில்தான் வந்தன. மனிதர்கள் முதலில் மொட்டைத் தலையோடு வந்தார்கள். பிறகு முடி வந்தது. சட்டை வருவதற்குள் ஆள் விடைபெற்றுப் போய்விடுவார். ஒரு மாளிகைக்கு முன்னால் காலையில் போய் நின்றவருக்குச் சாப்பாட்டு நேரம்வரை பாதிக் கதவுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட ஊரில், கடைசிச் சுற்றுக்கு வந்த வீடு வெறும் நாலு சுவராகவா இருக்கும்?

போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, உள்ள போயிட்டீங்களா? எல்லாம் தெரியுதா?"

"ஓ! அத்தனையும் தெரியுது. பிரமாதம் கண்ணு, பிரமாதம்!"

"அப்பாடா! இனி எதையும் நோண்டாதீங்கப்பா. அப்படியே இருங்க. கொஞ்ச நேரத்துல நடுவருங்க வந்துடுவாங்க."

போனை வைத்த ஸ்டூடியோக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நோண்டக் கூடாதாம்! மங்கின படத்தையெல்லாம் பளிச்சுன்னு ஆக்கின கை இது."

அங்கே இன்னொருவரும் இருந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர். ஸ்டூடியோவின் இரவல் கோட்டு அவருக்குத் தொளதொள என்று இருந்ததால், முதுகில் கிளிப் போட்டு இறுக்கி ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். படம் எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

"சார், தூரத்துல இருக்கிறதை வரவிடாம பண்ணுங்க. கிட்ட இருக்கிறது சீக்கிரம் வரும். என் மச்சான் அப்படித்தான் பண்ணுவான்" என்றார் கோட்டுக்காரர்.

ஸ்டூடியோக்காரர் செட்டிங்ஸில் போய்ப் பார்வைத் தூரத்தைக் குறைத்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த மரம் மறைந்தது. தூண் வரவில்லை.

"மரத்தை வெட்டிட்டீங்களா?" என்றாள் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்த மனைவி.

"நிழலை நிறுத்துங்க சார். அதுதான் பாரம்."

நிழலை நிறுத்தினார். நாற்காலி தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்பதுபோல் ஆயிற்று. தூண் வந்தபாடில்லை.

"உள்ள சேர்ந்து கிடக்கிற பழைய குப்பையை அழிச்சுப் பாருங்களேன்."

அழித்தார். அந்தக் குப்பையில்தான் அவருடைய உருவமும் இருந்தது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, தன்னுடைய மீசை, கட்டம் போட்ட சட்டை எல்லாம் பொருத்தி அவர் செய்துவைத்த பொம்மை இப்போது மீசையும் இல்லாமல் சட்டையும் இல்லாமல் சாம்பல் நிற மொட்டையாக எழுந்து நின்றது.

"ஏங்க, நம்ம பொண்ணு வீட்டுக்குள்ள யாரோ புகுந்துட்டான்!"

"கத்தாதே. நான்தான்."

"நீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கோலத்தைக் காட்டியிருக்கலாம்ல?"

ஸ்டூடியோக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "குறைச்சுக் குறைச்சு என்னத்தைக் கண்டோம்? பெரியவரோட முழு பலத்தையும் காட்டறேன் பாரு!" என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தார். பெரியவர் ஊளையிட ஆரம்பித்தார். திரை அசையாமல் நின்றது. மேல்மூடியைக் கழற்றினால் கை வைக்க முடியாத சூடு.

"ஃபேனைக் கொண்டா, ஃபேனை!"

மனைவி பெரிய ஃபேனைக் கொண்டுவந்து போட்டாள். பெரியவர் குளிர்ந்தாரோ இல்லையோ, மேசைமேல் வெட்டி வைத்திருந்த பாஸ்போர்ட் படங்களெல்லாம் பறந்தன. ஊர் ஜனத்தின் முகங்கள் அறை முழுக்கச் சுற்றின. பிடிக்கப் பாய்ந்த கோட்டுக்காரரின் முதுகுக் கிளிப்புகள் பட் பட்டென்று தெறித்தன. ஸ்டூடியோக்காரர் பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கீழே இறக்கினார். ஊளை நின்றது. திரையில் அதே வெள்ளைச் சுவர், அதே நாற்காலி.

அந்த நேரம் பார்த்து வாசல் வழியாக மூன்று மொட்டைத் தலைகள் நுழைந்தன.

"வணக்கம் சார். நான் தலைமை நடுவர். இவங்க ரெண்டு பேரும் என்கூட வந்தவங்க" என்றது ஒரு பெண்குரல். "நீங்க அந்தப் பொண்ணோட அப்பாவா?"

"ஆமாங்க. பெத்த அப்பன்!" கேட்டது குரல்தான் என்றாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்க பொண்ணும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

நாலு வெள்ளைச் சுவர் என்று எப்படிச் சொல்வது? ராப்பகலாகக் கண்விழித்துக் கட்டியவள் மனம் என்ன பாடுபடும்? மானம் கப்பலேறிவிடாதா?

"என்னன்னு சொல்றது போங்க! வரிசையா நிக்குது பாருங்க தூணு, ஒவ்வொண்ணும் அப்படி ஒரு வேலைப்பாடு! மாடிப்படி வளைஞ்சு போற அழகென்ன! அந்தத் தொங்கு விளக்கு வெளிச்சத்துல கண்ணே கூசுது!"



"அப்பா..." என்று மகளின் குரல் மட்டும் ஈனஸ்வரத்தில் கேட்டது.

"தூண் எந்தப் பக்கம் சார்?" என்றார் நடுவர்.

"உங்களுக்குப் பின்னாடிதான்."

மூன்று மொட்டைகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தன.

"கிட்ட போய்க் காட்டுங்களேன்."

ஸ்டூடியோக்காரர் தன் மொட்டையை விறுவிறுவென்று நடத்தினார். அது நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது.

"வேற ஏதாவது தெரியுதா?"

"நீச்சல் குளம்" என்று கோட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தார்.

"நீச்சல் குளம்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

நடுவர் தொண்டையைச் செருமினார். "சார், நீங்க சொல்றதை வச்சுத்தான் முடிவே. இங்க இருக்கிறது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணுன்னா, உங்க பொண்ணு பேரை நாங்க எடுத்துட வேண்டியதுதான்."

 மனைவி இப்போது கிண்டல் செய்யவில்லை; ஸ்டூடியோக்காரரின் தோளில் கை வைத்தாள். அவர் மூடியில்லாமல் கிடந்த பெரியவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பெரியவரைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல விட்டதில்லை. ஆனால் மகளுக்கு முன்னால் மெஷினாவது மண்ணாவது.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. அவ பேரை எடுத்துடாதீங்க. நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு நாலு வெள்ளைச் சுவரும் ஒரு ஜன்னலும் ஒரு நாற்காலியும்தான் தெரியுது. ஒரு மரம் இருந்துச்சு, அதையும் நானே தொலைச்சுட்டேன். என் பொண்ணு கெட்டிக்காரிங்க. அவ மாளிகைதான் கட்டியிருப்பா. குத்தமெல்லாம் என் மெஷின் மேல. சுத்தமாக் கிழடு தட்டிப்போச்சு. அதால அவ கட்டினதைக் கொண்டுவர முடியல."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. மறுபக்கத்தில் மூன்று மொட்டைகளும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டன. யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பிறகு தலைமை நடுவர் பேசினார்.

"சார், வீட்டுல இருக்கிற ரொம்பப் பழைய கம்ப்யூட்டர்லகூடத் தடங்கல் இல்லாம திறக்கிற வீடா கட்டணும், அதுதான் போட்டியே, மத்த அப்பா அம்மாவெல்லாம் காலையில இருந்து அவங்கவங்க பிள்ளைங்க கட்டின மாளிகை வாசல்லயே நிக்கிறாங்க, நீங்க ஒருத்தர்தான் சுவத்துல போய் முட்டற வேகத்துல உள்ள நடமாடிக்கிட்டு, வீடு இன்னும் வரலைன்னு அழறீங்க!"